இடுக்கணும் இறைநம்பிக்கையும்

துன்பம் தீண்டாத வாழ்க்கை இவ்வுலகில் எவருக்கும் அமைந்ததில்லை. மாளிகையில் பிறந்தவனுக்கும் குடிசையில் பிறந்தவனுக்கும் நோய் வருகிறது, அன்புக்குரியவர் பிரிகின்றனர், எண்ணிய எண்ணம் ஈடேறாமற் போகிறது. இதனை நன்கு உணர்ந்தவர் திருவள்ளுவர். திருக்குறளின் 63-ஆம் அதிகாரத்திற்கு ‘இடுக்கண் அழியாமை’ என்று பெயர். மாணவ நண்பர்கள் அத்தலைப்பைச் சற்று நின்று படித்தல் வேண்டும். ‘இடுக்கண் இன்மை’ என்று அவர் பெயரிடவில்லை. இடுக்கண் வரும், வந்தபோது உள்ளம் அழியாமல் நிற்க வேண்டும் என்பதே அத்தலைப்பின் பொருள்.

அவ்வாறு நிற்கும் வலிமை எங்கிருந்து வருகிறது? இக்கேள்விக்கு உலகச் சமயங்கள் ஒவ்வொன்றும் தத்தம் வழியில் விடை கூறியுள்ளன. மீனாட்சியம்மன் கோயிலும், காசிமார் பெரிய பள்ளிவாசலும், கீழவெளி வீதியிலுள்ள புனித மரியன்னை பேராலயமும் ஒரே நகரில் விளங்கும் மதுரையில் வாழ்கின்ற நாம், நம் அண்டை வீட்டார் துன்ப காலத்தில் எதனைப் பற்றிக்கொண்டு நிற்கின்றனர் என்பதை அறிந்திருப்பது நன்று. நான் கிறிஸ்தவ இல்லத்தில் பிறந்து வளர்ந்தவன். முப்பத்தைந்து ஆண்டுகள் ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் பணியாற்றி ஓய்வு பெற்றவன். ஆதலின், கிறிஸ்தவ நம்பிக்கை துன்பத்தில் எவ்வாறு வலிமை தருகிறது என்பதை இன்று விளக்க முற்படுகிறேன். எவரையும் என் சமயத்திற்கு அழைப்பது என் நோக்கமன்று. ஒருவர் உள்ளத்தை மற்றவர் அறிந்துகொள்ளுதலே கல்வியின் பயன்களுள் ஒன்று என்பது என் துணிபு.

நான் பணியாற்றிய பள்ளி மதுரைக்கு மேற்கே, மானாவாரி நிலங்களுக்கு நடுவே இருந்தது. கண்மாய் நிறைந்த ஆண்டில் பிள்ளைகளின் முகத்தில் ஒரு பொலிவு தெரியும். கண்மாய் வறண்ட ஆண்டில் அப்பொலிவு இராது. அவ்வாறு வறண்ட ஓர் ஆண்டில், தந்தையை நோய்க்குப் பறிகொடுத்த மாணவன் ஒருவன் என்னிடம் கேட்டான்: “ஐயா, எங்கள் அப்பா யாருக்கும் ஒரு தீங்கும் செய்ததில்லை. அவருக்கு ஏன் இப்படி?” அவன் கேட்டது புதிய கேள்வியன்று. மனிதன் சிந்திக்கத் தொடங்கிய நாள் முதல் கேட்டுவரும் கேள்வி. விவிலியத்தில் அக்கேள்விக்கென்றே ஒரு நூல் இருக்கிறது. அது யோபு என்னும் நல்லவனின் வரலாறு.

யோபு செல்வத்தை இழந்தான், மக்களை இழந்தான், உடல் முழுதும் புண்ணாகிச் சாம்பலில் அமர்ந்தான். அவனைக் காண நண்பர் மூவர் வந்தனர். ஏழு நாள் அவர்கள் அவனருகே தரையில் அமர்ந்து, ஒரு சொல்லும் பேசாதிருந்தனர். அவர்கள் செய்த உதவிகளுள் சிறந்தது அதுவே எனலாம். ஏனெனில், பின்னர் அவர்கள் வாய் திறந்தபோது, ‘நீ ஏதோ பாவம் செய்திருக்கிறாய், இல்லையேல் உனக்கு இத்துன்பம் வருமா?’ என்னும் கருத்துப்பட நெடுநேரம் உபதேசம் செய்தனர். யோபுவோ அதனை ஏற்கவில்லை. இறைவனையே வழக்கிற்கு அழைப்பவன்போல் முறையிட்டான். முடிவில் இறைவன் கடிந்துகொண்டது யாரை? முறையிட்ட யோபுவின் அறியாமையை அவர் சுட்டிக்காட்டினார்; ஆயினும் அவர் சினம் மூண்டது உபதேசம் செய்த நண்பர்கள் மீதுதான். துன்புறுகின்றவனைப் பார்த்து, ‘இது உன் குற்றத்தின் கூலி’ என்று கூறுவதை இந்நூல் இவ்வாறு கண்டிக்கிறது.

இயேசுவின் வரலாற்றிலும் இத்தகைய நிகழ்ச்சி ஒன்று உண்டு. பிறவியிலேயே பார்வையற்ற ஒருவனைக் கண்ட சீடர்கள், இவன் குருடனாய்ப் பிறந்தது இவன் செய்த பாவத்தாலா, இவன் பெற்றோர் செய்த பாவத்தாலா என்று வினவினர். இரண்டுமல்ல என்று இயேசு மறுத்தார். மறுத்ததோடு நில்லாமல், அவனுக்குப் பார்வை கிடைப்பதற்கான செயலில் இறங்கினார். ‘யார் குற்றம்?’ என்ற ஆராய்ச்சியை விடுத்து, ‘இனிச் செய்ய வேண்டியது என்ன?’ என்ற கேள்விக்கு அவர் செல்கிறார். நான் இன்று கூற விரும்பும் கருத்து முழுவதும் இந்நிகழ்ச்சியில் அடங்கியிருக்கிறது.

இனி, சிலுவையைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். கைதாவதற்குச் சற்று முன் கெத்செமனே தோட்டத்தில் இயேசு இத்துன்பம் தம்மை விட்டு நீங்குமாறு வேண்டினார். அது நீங்கவில்லை. சிலுவையில் தொங்கியபோது, இறைவன் தம்மைக் கைவிட்டது ஏன் என்று கதறினார். கிறிஸ்தவர்கள் தெய்வமாக வணங்குகின்றவரே அழுதிருக்கிறார், அஞ்சியிருக்கிறார், தனிமையை உணர்ந்திருக்கிறார் என்பது ஆழ்ந்து எண்ணத்தக்கது. துன்பத்திற்கு அப்பால் உயரத்தில் அமர்ந்து ஆறுதல் கூறும் இறைவனை அவர்கள் காண்பதில்லை. துன்பத்தினுள்ளே தம்மோடு இருக்கின்ற இறைவனையே காண்கின்றனர். அச்சிலுவைக்குப் பின் உயிர்த்தெழுதல் உண்டு என்பதும், ஆகவே மரணம் கடைசிச் சொல் அன்று என்பதும் அவர்கள் கொள்கை. ‘ஏன் இத்துன்பம்?’ என்பதற்கு இந்நம்பிக்கை முழு விளக்கம் தருவதில்லை. ‘நீ தனியே இல்லை’ என்ற உறுதியையே தருகிறது.

கொள்கையைக் கூறுவது எளிது. வாழ்ந்து காட்டுவதே அரிது. நம் மண்ணில் இதனை வாழ்ந்து காட்டியவர் மூவரைப் பார்ப்போம். மூவரும் அடைந்த துன்பம் மூன்று வகையானது.

முதலாமவர் தத்துவ போதகர் என்று தமிழில் பெயர் பெற்ற இராபர்ட் தெ நொபிலி. 1577-ஆம் ஆண்டு இத்தாலி நாட்டில் உயர்குடியில் பிறந்து, சேசு சபைத் துறவியாகி, 1605-இல் இந்தியா வந்து, 1606-இல் நாயக்கர் ஆட்சியிலிருந்த மதுரையை அடைந்தார். தமிழும் தெலுங்கும் வடமொழியும் பயின்றார். காவியுடுத்து, புலால் நீக்கி, இந்நாட்டுத் துறவியர் போலவே வாழ்ந்தார். ஒரு சமயத்தை ஏற்பதற்காக ஒருவன் தன் நாட்டு மொழியையும் உடையையும் பழக்கங்களையும் துறக்க வேண்டியதில்லை என்பது அவர் கருத்து. அவர் மேற்கொண்ட முறைகளைப் பற்றி அறிஞரிடையே இன்றும் பலவாறான கருத்துகள் உண்டு. நிற்க, நாம் நோக்க வேண்டியது அவர் அடைந்த துன்பத்தை.

அத்துன்பம் முதலில் அயலாரிடமிருந்து வரவில்லை. சொந்தச் சபையினரிடமிருந்தே வந்தது. சமயத்தின் தூய்மையை அவர் கெடுத்துவிட்டார் என்று உடன் உழைத்தவர்களே குற்றம் சாட்டினர். கோவாவிற்கும் ரோமாபுரிக்கும் முறையீடுகள் சென்றன. 1619-இல் கோவாவில் விசாரணை நடைபெற்றது. 1623-இல்தான் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரி அவர் முறைக்கு இசைவளித்தார். அதுவரை கழிந்த ஆண்டுகள் பல. தாம் மெய்யெனக் கொண்டதைத் தம்மவரே பொய்யெனக் கூறும் வேதனை, உடல் நோயினும் கொடியது. அவர் அப்போது என்ன செய்தார்? சினந்து சபையை விட்டு நீங்கவில்லை. சோர்ந்து வாயடைத்தும் போகவில்லை. தம் நிலையைக் காரண காரியத்தோடு விளக்கி எழுதினார். மேலும் மேலும் கற்றார். தம் பணியை விடாது பற்றினார்.

1640-இல் மதுரையிலேயே அவர் சிறைப்பட நேர்ந்தது. முதுமையில் கண்ணொளியும் மங்கியது. தம் வாழ்வின் பெரும்பகுதியைச் செலவிட்ட மதுரையை விட்டு யாழ்ப்பாணத்திற்கும், பின்னர் மயிலாப்பூருக்கும் சென்றார். ஏறக்குறையப் பார்வையற்ற நிலையிலும் எளிய வாழ்க்கை நடத்தித் தம் நூற்பணியைத் தொடர்ந்தார். 1656-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அங்கேயே மறைந்தார். தமிழ் உரைநடை வரலாற்றைப் படிக்கும் மாணவர்கள் அவர் பெயரை இன்றும் தொடக்கத்திலேயே காண்கின்றனர்.

இரண்டாமவர், அருளானந்தர் என்று நம் மக்கள் அன்போடு அழைக்கும் ஜான் தெ பிரிட்டோ. மதுரையிலிருந்து உசிலம்பட்டி செல்லும் வழியில் கருமாத்தூரிலுள்ள அருள் ஆனந்தர் கல்லூரி அவர் பெயரைத் தாங்கியது. 1647-இல் போர்ச்சுகல் நாட்டின் தலைநகரான லிஸ்பனில் பிறந்த அவர், இளமையில் அரசகுமாரனுக்குத் தோழராய் அரண்மனையில் வளர்ந்தார். அவ்வாழ்வைத் துறந்து, 1673-இல் கோவாவிற்கும், அடுத்த ஆண்டு தமிழ்நாட்டிற்கும் வந்தார். பண்டார சுவாமிகளின் கோலத்தில் ஊர் ஊராய் நடந்தார். மதுரை மிஷன் என்று அந்நாளில் வழங்கிய பணித்தளம் இன்றைய மதுரை மாவட்டத்தளவில் நின்றதன்று. தமிழகத்தின் உட்பகுதிகள் பலவற்றிலும் பரந்து கிடந்தது. அதன் தலைமைப் பொறுப்பும் அவரிடம் வந்து சேர்ந்தது.

1686-இல் மறவர் சீமையில் அவர் தம் உபதேசியார்களோடு பிடிபட்டு, கடுமையாக வதைக்கப்பட்டார். இராமநாதபுரம் சேதுபதி மன்னர் அவரை விடுவித்து, தம் நாட்டில் மீண்டும் போதிக்கலாகாது என்று எச்சரித்து அனுப்பினார். பின்னர்ச் சபையின் அலுவலாக ஐரோப்பா சென்றார். பழைய தோழர் இப்போது அந்நாட்டின் அரசர். அங்கேயே தங்கிவிடும்படி அரசர் விரும்பினார். தங்கியிருந்தால் மதிப்பும் பாதுகாப்பும் நிறைந்த வாழ்வு. ஆயினும் அவர் 1690-இல் திரும்பிவிட்டார். காரணம் எளியது. இங்கே அவரோடு அடிபட்ட எளிய மக்கள் இங்கேயே இருந்தனர். அவர்களை விட்டுவிட்டுத் தாம் மட்டும் நலமாக வாழ அவர் மனம் இசையவில்லை.

சேதுபதி மரபைச் சேர்ந்த தடியத்தேவர் என்பார் கிறிஸ்தவ சமயத்தைத் தழுவி, அச்சமய ஒழுக்கப்படி மனைவியருள் ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவரை விலக்கினார். விலக்கப்பட்டவருள் ஒருவர் மன்னரின் உறவினர். குடும்ப மானமும் அரசுரிமைப் போட்டியும் சமய வேற்றுமையும் ஒன்றாய்ப் பின்னிக்கொண்டன. 1693 சனவரியில் அருளானந்தர் கைதானார். பிப்ரவரி 4-ஆம் நாள் ஓரியூரில் வெட்டுண்டு இறந்தார். இறப்பதற்குச் சற்று முன் சிறையிலிருந்து தம் சபையினருக்கு எழுதிய கடிதத்தில் கலக்கம் காணப்படவில்லை. தம்மைக் காத்திருக்கும் முடிவை மகிழ்வோடு எதிர்நோக்குவதாகவே எழுதினார். 1947-இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். ஓரியூரின் செம்மண் அவர் குருதி படிந்ததென்று நம்பி, பல சமயத்தாரும் இன்றும் அங்கே சென்று வணங்குகின்றனர்.

இங்கே ஒரு மாணவர் எழுந்து, ‘ஐயா, அவர் மகான். மகான்களுக்குக் கிடைக்கும் வலிமை நம்மைப் போன்றோருக்கு எங்ஙனம் கிடைக்கும்?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வாள் முன் நிற்கும் துன்பம் ஒரு நாளில் முடிகிறது. ஒவ்வொரு நாளும் காலையில் எழுந்தவுடன் நம்முன் வந்து நிற்கும் துன்பம் வேறு வகையானது. அதனைத் தாங்குவதற்கும் வேறு வகை வலிமை வேண்டும். ஆகவே, நம் காலத்திற்கு மிக அருகில் வாழ்ந்த மூன்றாமவரைக் காண, மதுரையை விட்டு வடக்கே வேலூருக்குச் செல்வோம்.

வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் பெயரை அறியாதார் இலர். நம் மதுரைப் பகுதியிலிருந்தும் எத்தனையோ நோயாளிகள் அங்கே சென்று திரும்பியிருக்கின்றனர். 1900-இல் டாக்டர் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய பணி அது. அங்கே பயின்று மருத்துவரானவர் மேரி வர்கீஸ். கொச்சிக்கு அருகே செராயி என்னும் ஊரில் 1925-இல் பிறந்தவர். 1954-ஆம் ஆண்டு சனவரித் திங்களில், உடன் பணியாற்றும் இளம் மருத்துவர்களோடு அவர் சென்ற வண்டி விபத்துக்குள்ளாயிற்று. அவருடைய தண்டுவடம் சிதைந்தது. இடுப்பிற்குக் கீழே உணர்ச்சியும் இயக்கமும் அற்றுப் போயின. முகத்திலும் காயத்தின் வடு நிலைத்தது. அப்போது அவருக்கு வயது முப்பதைக்கூட எட்டவில்லை.

தண்டுவடம் என்பது மூளையின் கட்டளைகளை உடலுக்கும், உடலின் உணர்ச்சிகளை மூளைக்கும் கொண்டுசெல்லும் நரம்புத் திரள். அது ஓரிடத்தில் அறுபட்டால், அவ்விடத்திற்குக் கீழுள்ள உறுப்புகளுக்குச் செய்தி செல்லாது. எலும்பு முறிந்தால் கூடுவது போல அது கூடுவதில்லை. நடக்க வேண்டும் என்று மேரி வர்கீஸ் வேண்டினார். அவருக்காகப் பலரும் வேண்டினர். கால்கள் திரும்பவில்லை. கண்ணீரும் மனக்கசப்பும் நிறைந்த நாட்கள் அவருக்கும் இருந்தன. அவரது நம்பிக்கை அவரை உடனே புன்னகைக்க வைத்துவிட்டது என்று நான் கூறினால், அது உண்மையாகாது.

அந்நாளில் அதே கல்லூரியில் டாக்டர் பால் பிராண்ட் என்னும் அறுவை மருத்துவர் தொழுநோயாளிகளின் கைகளைச் சீராக்கும் முறையை வளர்த்துக்கொண்டிருந்தார். தொழுநோய் நரம்பைத் தாக்குவதால் சில தசைகள் செயலிழக்கின்றன. விரல்கள் மடங்கி, பறவையின் நகம் போல் வளைந்துவிடுகின்றன. செயலிழக்காத வேறொரு தசையின் நாணை எடுத்து விரல்களோடு இணைத்துத் தைத்தால், விரல்கள் மீண்டும் நிமிரும், பிடிக்கும், உண்ணவும் எழுதவும் உழைக்கவும் பயன்படும். இந்த அறுவைச் சிகிச்சையை அமர்ந்தபடியே செய்யலாம். அப்பணியை மேற்கொள்ளுமாறு பிராண்ட் மேரி வர்கீஸை ஊக்கினார். முதுகெலும்பில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு, நிமிர்ந்து அமரும் ஆற்றலை அவர் முதலில் பெற்றார். பிறகு சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே கத்தியைக் கையில் எடுத்தார்.

மாணவர்களே, அக்காட்சியைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஊரும் உறவும் விலக்கி வைத்த ஒரு தொழுநோயாளி, தன் கைகளை நீட்டியபடி படுத்திருக்கிறான். அவனுக்குச் சிகிச்சை செய்ய வருகின்றவர் தாமே நடக்க இயலாதவர். ‘கவலைப்படாதே’ என்று அவர் வாயால் கூற வேண்டியதில்லை. அவர் வந்த நாற்காலியே அதனைக் கூறிவிடுகிறது. எந்த விபத்து அவருடைய மருத்துவ வாழ்வை முடித்துவிட்டதாகத் தோன்றியதோ, அதுவே நோயாளிகள் அவரை நம்புவதற்குக் காரணமாயிற்று.

அத்துடன் அவர் அமையவில்லை. ஆஸ்திரேலியாவிலுள்ள பெர்த் நகரில் மறுவாழ்வுச் சிகிச்சை பெற்று, பின்னர் அமெரிக்காவில் நியூயார்க் நகரில் மறுவாழ்வு மருத்துவம் பயின்றார். வேலூருக்குத் திரும்பி அத்துறைக்குத் தலைமை தாங்கினார். 1966-இல் தண்டுவடம் பாதிக்கப்பட்டோருக்கும் பிற ஊனமுற்றோருக்குமான மறுவாழ்வு நிலையம் அங்கே உருவாயிற்று. பனையேறும்போதோ கிணறு வெட்டும்போதோ விழுந்து முதுகொடிந்த ஏழை உழைப்பாளி, அதற்கு முன்பு வீட்டு மூலையில் பாயில் கிடந்து படுக்கைப்புண்ணால் மடிவதே பெரும்பாலும் முடிவாக இருந்தது. அத்தகையவர் எழுந்து அமரவும், சக்கர நாற்காலியை இயக்கவும், ஒரு தொழிலைக் கற்கவும் அங்கே வழி பிறந்தது. இந்திய அரசு 1972-இல் மேரி வர்கீஸுக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. 1986-இல் அவர் மறைந்தார்.

இம்மூவரையும் ஒருசேர நோக்கினால், நம்பிக்கை துன்பத்தில் செயற்படும் முறை நமக்குத் தெளிவாகிறது. நொபிலிக்குக் கண்ணொளி திரும்பவில்லை. அருளானந்தர் வாளுக்குத் தப்பவில்லை. மேரி வர்கீஸ் மீண்டும் நடக்கவில்லை. நம்பிக்கை என்பது துன்பத்தை விலக்கும் மந்திரம் என்று கொண்டால், மூவரும் தோற்றவர்களே. ஆனால் மூவரும் அழியவில்லை. ‘எனக்கு ஏன் இது நேர்ந்தது?’ என்னும் கேள்வி, ‘இதனைக்கொண்டு யாருக்கு நான் என்ன செய்யலாம்?’ என்னும் கேள்வியாக அவர்கள் உள்ளத்தில் மாறியது. முதற்கேள்வி மனிதனைத் தன்னுள்ளேயே சுழலச் செய்கிறது. இரண்டாவது கேள்வி அவனைக் கதவைத் திறந்து வெளியே அழைத்து வருகிறது.

இம்மாற்றம் ஒரு நாளில் நிகழ்வதன்று. அதற்குப் பயிற்சி வேண்டும். ஆசிரியத் தொழிலில் இருந்தவன் என்ற முறையில் இதனை நான் அழுத்திக் கூறுவேன். தேர்வு நாளன்று பாடம் கற்க முடியாது. முன்னரே கற்றிருந்தால்தான் அன்று நினைவிற்கு வரும். கிறிஸ்தவ மக்களின் வழிபாட்டில் இப்பயிற்சி அமைந்திருக்கிறது. விவிலியத்திலுள்ள 150 சங்கீதங்களுள் புலம்பலும் முறையீடுமாக அமைந்தவை பல. அவற்றைச் சிறு வயது முதல் ஓதி வருகின்றவனுக்கு, இறைவன் முன்னிலையில் அழுவது பாவமன்று என்பது பழக்கமாகிவிடுகிறது. ஈஸ்டர் திருநாளுக்கு முந்திய தவக்காலத்தில் மதுரையைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் கத்தோலிக்க மக்கள் சிலுவைப்பாதை செய்வதை நீங்கள் பார்த்திருக்கலாம். இயேசுவின் பாடுகளைக் குறிக்கும் 14 நிலைகளிலும் நின்று, முழந்தாளிட்டு, மீண்டும் எழுந்து நடக்கின்றனர். அந்நிலைகளுள் மூன்று, சிலுவையின் சுமை தாங்காமல் இயேசு கீழே விழுந்ததை நினைவுகூர்வன. விழுவது அவ்வழியின் ஒரு பகுதியே என்பதையும், விழுந்தபின் எழுவது உண்டு என்பதையும் அம்மக்கள் தம் முழங்கால்களாலேயே கற்கின்றனர்.

மேலும், அவர்கள் அதனைத் தனியே செய்வதில்லை, கூட்டமாகச் செய்கின்றனர். துன்பத்தின் பாதிச் சுமை தனிமைதான். ஒரு வீட்டில் சாவு நேர்ந்தால், சபையார் கூடிச் சென்று மாலைதோறும் செபம் செய்வர். உலை வைக்க மனமில்லாத அவ்வீட்டிற்கு அடுத்த வீட்டுச் சோறு வந்து சேரும். இது கிறிஸ்தவருக்கு மட்டுமே உரியதன்று. நம் ஊர்களில் எல்லாச் சமயத்தாரிடமும் இருக்கும் நற்பண்பு. ஆனால் கிறிஸ்தவ சமயத்தில் இது விருப்பத்திற்கு விடப்பட்ட நற்பண்பு அன்று. நோயாளியைப் பார்ப்பதும் பசித்தவனுக்கு உணவளிப்பதும் இறைவனுக்கே செய்த தொண்டு என்று வகுக்கப்பட்ட கடமை.

இனி ஓர் எச்சரிக்கை. நல்ல மருந்தும் முறை தவறினால் நஞ்சாகும். நம்பிக்கையின் பெயரால் செய்யலாகாதவை மூன்று உண்டு. ஒன்று, துன்புறுகின்றவரிடம் யோபுவின் நண்பர்களைப் போலக் குற்றம் காண்பது. இரண்டு, செபம் போதும் என்று மருத்துவரை நாடாதிருப்பது. மேரி வர்கீஸ் செபமும் செய்தார், அறுவைச் சிகிச்சையும் செய்துகொண்டார். ஒன்று மற்றொன்றுக்குத் தடையாக இருக்கவில்லை. மூன்று, நீக்கக்கூடிய அநீதியைப் பொறுத்துக்கொள்ளுமாறு ஏழைகளுக்கு உபதேசிப்பது. புனித பவுல் தம் உடலில் இருந்த நோய் நீங்க மும்முறை வேண்டியும் நீங்காதபோது அதனை ஏற்றுக்கொண்டார். ஆனால் விசாரணையின்றித் தம்மை அடிக்க முயன்றபோது, தாம் ரோமானியக் குடிமகன் என்று சட்டத்தைச் சுட்டிக்காட்டித் தடுத்தார். ஏற்க வேண்டிய துன்பம் எது, எதிர்க்க வேண்டிய துன்பம் எது என்று பகுத்துணர்வதும் நம்பிக்கையின் கூறே.

இவ்வலிமை கிறிஸ்தவருக்கு மட்டுமே உரியது என்று நான் கூறுவதாக எவரும் கொள்ளலாகாது. நம் மதுரையிலேயே அதற்குச் சான்று உண்டு. டாக்டர் கோ. வெங்கடசாமி இளமையில் கொடிய மூட்டுவாத நோயால் பல மாதங்கள் படுக்கையில் கிடந்தவர். விரல்கள் கோணிப்போயின. அவ்விரல்களைக்கொண்டே கத்தியைப் பிடிக்கப் பழகி, கண் அறுவை மருத்துவரானார். 1976-இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அவருக்கு வலிமை தந்தது ஸ்ரீ அரவிந்தரின் நெறி. வழி வேறு, ஆயினும் அங்கும் நாம் காண்பது அதே மாற்றத்தையே. தம் துன்பத்தைப் பிறர் துன்பம் துடைக்கும் கருவியாக்கியவர் அவரும்.

மாணவ நண்பர்களே! உங்கள் வாழ்விலும் துன்பம் வரும். தேர்வில் தோல்வியாக வரலாம்; வீட்டில் வறுமையாகவும் நோயாகவும் வரலாம்; நண்பன் பிரிவாக வரலாம். வரும்போது மூன்று செயல்களை மறவாதீர்கள். அழுகை வந்தால் அழுங்கள். அது கோழைத்தனம் அன்று. உள்ளத்திலேயே பூட்டி வைக்காமல், பெற்றோரிடமோ, ஆசிரியரிடமோ, தேவையானால் மருத்துவரிடமோ வாய் திறந்து கூறுங்கள். உங்களுக்கு இறைநம்பிக்கை இருந்தால் இறைவனிடமும் கூறுங்கள். பின்னர் உங்கள் அருகே துன்புறும் மற்றொருவர் யார் என்று பாருங்கள். அவருக்காக நீங்கள் செய்யும் சிறு உதவி, உங்கள் துன்பத்தை இல்லாமற் செய்துவிடாது. ஆனால் அதனைச் சுமந்து நடக்கும் வலிமையை உங்கள் கால்களுக்குத் தரும். உங்கள் நண்பன் துன்புறும்போது அவனுக்கு விளக்கம் கூற விரையாதீர்கள். முதலில் அவனருகே சென்று அமருங்கள்.